போத்தலில் வந்த நிறம்

அந்தச் சனிக்கிழமை மதியம் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, நான். இல்லாதவர் அப்பா. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அம்மா சனிக்கிழமை என்று வைத்திருந்தாள். அப்பா சைக்கார் மிதிப்பவர். மிதிவண்டியின் பக்கத்தில் ஆள் உட்கார ஆசனம் கட்டிய வண்டி அது. சனிக்கிழமை என்றால் ரங்கூனின் ஓரத்தில் எங்கள் ஷ்வேப்யிதா சந்தைக்கும் பேருந்து நிற்கும் முக்குக்கும் நடுவே பொழுது சாயும்வரை அவருக்கு ஓட்டம் இருக்கும்.

அம்மா முன்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். காலையிலேயே மின்சாரம் போயிருந்தது. கொதிக்கும் தகரக் கூரைக்குக் கீழே மூவரும் பாயில் உட்கார்ந்தோம். நடுவில், சோற்றுத் தட்டு ஒன்றில், ஒரு பழுப்புப் போத்தல்.

"முழுக்க வாசிச்சியா?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டு தடவ வாசிச்சேன்ம்மா."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

அது பொய் இல்லை. எல்லாவற்றையும்தான் வாசித்திருந்தேன். வாசித்ததை எல்லாம் சொன்னேனா என்று அவள் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. அக்கா நாலாவதோடு நின்று, வயது வந்ததும் தையல் ஆலைக்குப் போனவள். அவள் போனதால்தான் நான் படித்தேன். மருந்துச் சீட்டோ, வார்டு அலுவலகக் கடிதமோ, எது வந்தாலும் என் கைக்கு வரும். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அதில் எழுதியிருப்பது. சரிபார்க்க வேறு ஆள் கிடையாது.

அக்காவுக்குப் பதினைந்து வயதில் இடது புருவத்துக்குக் கீழே சோற்றுப் பருக்கை அளவுக்கு ஒரு வெள்ளை விழுந்தது. வலியில்லை, அரிப்பில்லை. தோலின் நிறம் மட்டும் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டது. அதைப் பெருநோய் என்று நினைத்து ஒதுங்குபவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அப்பா அம்மன் கோயிலுக்குப் போய், வெள்ளை மறைந்தால் வருடா வருடம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு வந்தார். ஒரு மாதம் கழித்து அவர் கேட்டபோது, "போயிருச்சுங்க" என்றாள் அம்மா. போகவில்லை. அதன் மேல் தனாக்கா இருந்தது.

ரங்கூனில் ஒரு பெண் தனாக்கா பூசாமல் வெளியே வந்தால்தான் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மரக்கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, வெளிர் மஞ்சளாக வரும் குழம்பை இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசிக்கொள்வார்கள். அழகுக்கும் அதுதான், வெயிலுக்கும் அதுதான். அக்கா மற்றவர்களைவிடக் கொஞ்சம் தடிமனாக, புருவம்வரை இழுத்துப் பூசினாள். வெள்ளை கன்னத்துக்கு இறங்கியது. மறு கன்னத்திலும் வந்தது. தனாக்கா வட்டங்களும் கூடவே பெரிதாயின. அப்பாவின் கண்முன்னால் அவள் ஒரு நாளும் வெறும் முகத்தோடு இருந்ததில்லை. ஒன்பது வருடம் அப்பா நன்றிக்காகப் பால்குடம் சுமந்தார். ஒன்பது வருடமும் அம்மா அவர் பின்னால் தரையைப் பார்த்தபடியே நடந்தாள்.

அப்படியே போயிருக்கும், அந்த வேலை வராமல் இருந்திருந்தால்.

நகரின் நடுவே கியாக்டடாவில், பேருந்தை விட்டு இறங்கிப் பத்து நிமிட நடையில், கல் பதித்த வெள்ளி நகைகள் விற்கும் கடை ஒன்று. ஆலையில் அக்காவோடு இருந்த ஒருத்தி சொல்லி அங்கே கூப்பிட்டார்கள். மாதம் நாற்பத்தைந்தாயிரம் கியாட். ஆலையில் அவள் வாங்கியது பதினெட்டாயிரம். அப்பாவின் வலது முழங்கால் அந்த வருடம் வீங்க ஆரம்பித்திருந்தது. அவர் இன்னும் எத்தனை நாள் மிதிப்பார் என்று நாங்கள் யாரும் வாய்விட்டுக் கணக்குப் பார்க்கவில்லை. கடையை நடத்திய பர்மிய அம்மாளை எல்லாரும் 'மமா' என்றார்கள், மூத்தவளைக் கூப்பிடுகிற மாதிரி. மமா நல்லவர்தான். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"இங்க நிக்கிறப்ப தனாக்கா வேணாம். வெளிநாட்டுக்காரங்க வர்ற இடம். மூஞ்சி வெறுசா இருக்கணும்."

அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் அழுதாள்.

முகப்பவுடர் போட்டுப் பார்த்தோம். வெள்ளையின் மேல் அது சுண்ணாம்பு பூசியது போல் தனியாகத் தெரிந்தது. கடைகடையாக ஏறி இறங்கினேன். வரிசை வரிசையாகக் கிரீம் டப்பாக்கள், எல்லாம் தோலை வெளுக்க வைப்பவை. எங்கள் நிறத்தில் ஒன்று இல்லை.

அப்போதுதான் அந்தப் போத்தல் நினைவுக்கு வந்தது. நான் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தேன், பட்டப்படிப்பு தபாலில். விருந்தாளிகள் விட்டுப்போகும் எதையும் நோட்டில் எழுதி ஒப்படைக்க வேண்டும். மூன்று மாதம் யாரும் தேடி வராவிட்டால், எடுத்துக் கொடுத்தவனுக்கே சீட்டோடு தந்துவிடுவார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் தங்கிய அறையில் கிடைத்தது அது. அவள் படுத்த விரிப்பில் கெண்டைக்காலின் வடிவத்தில் பழுப்புக் கறை இருந்தது. தேநீர்க் கறை என்று மேற்பார்வையாளர் திட்டினார். போத்தலை வாசித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது: வெயிலில் நிற்காமல் வீட்டிலேயே பூசிக்கொண்டு கறுப்பாகிற மருந்து. மூன்று மாதம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே கொண்டுவந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்டா, வெள்ளக்காரி காசு குடுத்து நம்ம கலர வாங்குறாளா?"

"ஆமாக்கா."

"நம்மாளுங்க காசு குடுத்து அத அழிக்கிறாங்க. அவளுகள இங்க வரச்சொல்லு, சும்மாவே மாத்திக்கிருவோம்."

அவள் சிரித்ததை இத்தனை தெளிவாக ஏன் நினைவில் வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி யாரும் சிரிக்கவில்லை.

போத்தல் சொன்னபடியே செய்தோம். தோலுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நான் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கண்டிப்பாக இருந்தேன். முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாயிற்று, சிவக்கவில்லை, தடிக்கவில்லை. சனிக்கிழமை காலை அக்கா காய்ந்த பீர்க்கங்காய் நாரால் முகத்தை மெதுவாகத் தேய்த்துக் கழுவினாள். செத்த தோல் இருந்தால் நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். புருவத்திலும் நெற்றி முடியோரத்திலும் அம்மா தேங்காயெண்ணெய் தொட்டு வைத்தாள். விரலில் நிறம் ஏறாமலிருக்க நான் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, பஞ்சு சுற்றிய ஈர்க்குச்சியால் வெள்ளையின் கரைக்குள் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்தேன். ஒரு நூல் வெளியே போனாலும் அங்கே இன்னும் கறுக்கும்.

"கண்ண மூடிக்க. மூச்சு விடாத."

"மூச்சு விடாம செத்துப்போனா கலரு ஒட்டுமா?"

"பேசாத புள்ள, வாய் இழுக்குது" என்றாள் அம்மா. பிறகு மூக்கைச் சுளித்தாள். "பிஸ்கோத்து கருகுன வாடடா இது."

எட்டு மணி நேரம் கழுவக் கூடாது, வியர்க்கவும் கூடாது. மின்விசிறி இல்லாத அந்த வெக்கையில் அம்மாவும் நானும் மாறி மாறி அக்காவுக்கு விசிறினோம். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அம்மா இன்னும் கொஞ்சம் வை என்றாள், நான் மறுத்துவிட்டேன். மூன்று மணிக்கு மேல், யாரும் தொடாமலே, நிறம் வந்தது. முதலில் மஞ்சள், அப்புறம் செம்பழுப்பு. பொழுது சாய அப்பா வந்தபோது அக்கா முகத்தில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தலைவலி என்று படுத்திருந்தாள். மறுநாள், அப்பா வண்டியோடு போன பிறகு, இரண்டாம் முறை வைத்தோம். சாயங்காலம் கண்ணாடியைக் கையில் எடுத்தவள் நெடுநேரம் கீழே வைக்கவில்லை. இரண்டு கன்னமும் ஒரே நிறம். எங்கே வெள்ளை இருந்தது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

"என் மூஞ்சி இப்பிடியாடா இருந்துச்சு?" என்றாள். பதினைந்து வயதுக்குப் பிறகு அவள் அதைப் பார்த்ததில்லை.

இப்போது அந்த வரி. போத்தலின் அடியில், மற்ற எழுத்தைவிடச் சிறியதாக இருந்தது: இதில் வெயிலைத் தடுக்கும் பொருள் எதுவும் இல்லை; நிறம் ஏறிய பிறகும் தோல் வெயிலில் வெந்துபோகும்; தனிக் காப்பு பூச வேண்டும். அகராதியைப் புரட்ட வேண்டிய ஒரு சொல்கூட அதில் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு எழுதியது என்று நினைத்தேன். அப்பா முப்பது வருடமாக வெயிலில் மிதிக்கிறார்; அவர் தோல் ஒரு நாளும் வெந்ததில்லை. நம் நிறம்தான் நமக்குக் குடை என்று எங்கள் ஆட்கள் சொல்லிக் கேட்டே வளர்ந்தவன். அக்கா கன்னத்தில் இப்போது இருப்பது நம் நிறம். பிறகு வெயில் என்ன செய்யும்? அது மேலே ஏறிய சாயம் மட்டுமே, கீழே குடை இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒன்பது வருடமாக அந்த வெள்ளைத் தோலுக்குக் குடையாக இருந்தது தனாக்கா. அதைத்தான் கழுவிவிட்டோம்.

அக்கா வேலையில் சேர்ந்தாள். நாலு நாளைக்கு ஒரு முறை நான் பஞ்சுக் குச்சியோடு உட்காருவேன். மமாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. மற்றப் பெண்களைவிடக் கூடுதலாக விற்கிறாள் என்றாராம்.

முதல் வாரம் ஒரு சாயங்காலம் சோற்றுத் தட்டின் முன்னால் அக்கா புறங்கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா."

"புதுசுல அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை.

இரண்டாம் வாரம் அடுப்பருகே உட்கார மாட்டேன் என்றாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வந்தாள். அம்மா கண்ணேறு என்று முடிவுகட்டி, மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. "பாத்தியா, எம்புட்டுக் கண்ணு" என்றாள். வெயில் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய அந்த வாரங்களில் ரங்கூனில் மதியம் தெருநாய்கூட நடக்காது. பழுப்புக்கு அடியில் லேசான ரோஜா நிறம் ஓடுவதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அதன் மேலேயே அடுத்த பூச்சை வைத்தேன்.

அப்பா அதைக் கவனித்தது ஒரு காலை நேரத்தில். அக்கா வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அவர் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள், சாயங்காலம் அவர் வருவதற்குள் பழையபடி தனாக்கா பூசிக்கொள்வாள். அன்று முழங்கால் வலியில் அவர் வண்டி எடுக்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாரு, தாயி."

அவள் நிமிர்ந்தாள். அப்பா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தனாக்கா இல்லாத, ஒரு மறு இல்லாத, முழுசான முகம். அவர் கண் நிறைந்துவிட்டது.

"ஒம்பது வருசமா சொமந்தேன். இப்பத்தான் ஆத்தா தொறந்து காட்டுறா" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்த வருசம் எனக்கு முட்டி ஒத்துழைக்காது. எம் மக எடுக்கட்டும் பால்குடம். தனாக்கா கினாக்கா எதும் வேணாம். ஆத்தா குடுத்த மூஞ்சியோட நடக்கட்டும்."

அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது. சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். மறுபடி கத்தி ஓட ஆரம்பித்தது.

அக்கா என் பக்கம் வந்து, அப்பா காதில் விழாமல் கேட்டாள். "வெயில்ல நடந்தா கலரு கரஞ்சு போகுமாடா?"

"கரையாதுக்கா. தேச்சாத்தான் போகும்." இதுவும் போத்தலில் இருந்ததுதான். சரியாகத்தான் சொன்னேன்.

கோயில் திருவிழாவன்று காலை ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டிய ஊர்வலம் பத்தரைக்குத்தான் கிளம்பியது. மஞ்சள் சேலை, தலையில் பித்தளைக் குடம், இரண்டு கையும் குடத்தின் மேல். முகத்தை மூட ஒரு கை கிடையாது. தார் இளகியிருந்தது. நாங்கள் நனைத்த சாக்கை அவள் காலடியில் போட்டுப் போட்டு எடுத்தோம். எல்லாரும் காலைத்தான் பார்த்தோம். அப்பா நொண்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, "எம் மக, எம் மக" என்று காட்டினார். மூன்று மணி நேரம். குடம் இறங்கியபோது அவள் கண் இமைகள் தடித்திருந்தன. "அருளு எறங்குது" என்று யாரோ சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே முகம் வீங்கிவிட்டது. மறுநாள் காலை, வெள்ளை இருந்த இடத்தில் மட்டும், கரை பிசகாமல், நான் குச்சியால் வரைந்த வடிவத்திலேயே கொப்புளம் கட்டியிருந்தது. சுற்றியிருந்த தோலுக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் கொப்புளம் உடைந்து தோல் உரிந்தது. பழுப்பு அந்தத் தோலோடு போனது. அடியில் இருந்தது ஒன்பது வருடம் அப்பா பார்க்காதது. இப்போது சிவந்து, நீர் வடிந்துகொண்டு.

அப்பா சத்தம் போடவில்லை. அம்மாவைப் பார்த்து ஒன்றே கேட்டார். "போகவே இல்லையா?"

"இல்லங்க."

"ஒரு நாளும்?"

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் எழுந்து போய் சைக்காரின் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். முன்பே எண்ணெய் போட்ட சங்கிலி அது.

தோல் மருத்துவர் ஒரு பர்மியப் பெண். போத்தலை வாங்கி நிதானமாக வாசித்தார். அடி வரிக்கு வந்ததும் அதில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாரும் வீட்ல இல்லையா?" என்று பர்மியத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அக்கா, "இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

அது தொற்றும் நோய் இல்லை, பெருநோய் இல்லை என்று அப்பாவுக்கு அவர் இரண்டு தரம் விளக்கினார். சாயம் பூசியதுகூடத் தவறில்லையாம். மேலே வெயில் காப்பு இல்லாமல் விட்டதுதான் தவறு. வெந்த இடத்தைச் சுற்றி வெள்ளை இன்னும் பரவலாம் என்றும் சொன்னார். பரவியது. மழைக்காலம் முடிவதற்குள் உதட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. எந்தத் தனாக்கா வட்டமும் அவ்வளவு தூரம் எட்டாது.

பன்னிரண்டு நாள் கழித்து அக்கா கட்டோடு கடைக்குப் போனாள். அவள் இடத்தில் வேறு பெண் நின்றிருந்தாள். மமா கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டாராம். சீருடைக்குக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்காது என்பதையும் வருத்தத்தோடுதான் சொன்னாராம். அடுத்த திங்கள் அவள் தையல் ஆலைக்கே திரும்பினாள்.

இதற்கெல்லாம் ஆன பணம் அப்பாவின் தகர டப்பாவிலிருந்து போனது. அடுத்த வருடப் பால்குடத்துக்கும், கோயிலுக்கு ஒரு மணி வாங்கவும் அவர் சேர்த்தது. எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசீதுகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நீதான படிச்சவன். கூட்டிச் சொல்லு. ஒண்ணு விடாம வாசி."

ஒன்று விடாமல் வாசித்தேன். மருத்துவர், களிம்பு, மாத்திரை, போக வர வாடகை வண்டி: அறுபத்தொன்றாயிரம். சீருடை முன்பணம் பதினைந்தாயிரம்.

"அவ வேலக்கிப் போவாத நாளு?"

"அது வராத காசுப்பா."

"வராததும் செலவுதான்டா. சேரு."

பன்னிரண்டு நாள், நாள் ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு. சேர்த்தேன்.

"போத்தலுக்கு?"

"அது சும்மா வந்ததுப்பா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். யார் வாசித்தது என்று அவர் அதுவரை கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை. நான் தாளின் கடைசியில் கோடு போட்டு, அவருக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தேன்: தொண்ணூற்று நாலாயிரம் கியாட்.